அப்பத்தா படிச்ச ரெண்டு காலேஜ்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கலை. ஆபீஸ்ல ஆணி புடுங்கவே நேரம் சரியா இருந்துச்சு. யாரும் தேடியிருக்க மாட்டீங்கன்னு தெரியும், இருந்தாலும் ஒரு தன்னிலை விளக்கம் :-)

இந்தப் பதிவு ஒரு கேள்வியில ஆரம்பிச்சது. கேட்டது எங்க அப்பத்தா.

போன ஜனவரியில அக்காவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. கொள்ளுப்பேரனைப் பார்த்தே ஆகணும்னு எண்பது வயசுல ஒத்தக் கால்ல நின்னு, அப்பாவைக் கூட்டிக்கிட்டு சிலமலையில இருந்து கிளம்பி வந்துச்சு. சிலமலை எங்க இருக்குன்னு கேக்கிறவங்களுக்கு: தேனி மாவட்டம், போடிநாயக்கனூர்ல இருந்து தேவாரம் போற வழி. வாசல்ல நின்னு மேற்கால பார்த்தா மலைதான். ஏறி அந்தப் பக்கம் போனா கேரளா, ஏலத்தோட்டம். 1928-ல போடிக்கு வந்த ரயில், அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியோட நின்னு போய், 2023 ஜூன்ல தான் திரும்ப வந்துச்சு. வந்தது நேரா சென்னை சென்ட்ரலுக்கே ஓட ஆரம்பிச்சது. ராத்திரி போடியில ஏறினா காலையில சென்ட்ரல்.

வாசல்ல ஆட்டோவுக்கு நிக்கும்போது அப்பத்தா ரிப்பன் பில்டிங் பக்கம் கையைக் காட்டி, "ஏன்டா, இங்கனதான உயிர் காலேஜ் இருந்துச்சு? எங்க அது?"ன்னு கேட்டுச்சு.

"மெடிக்கல் காலேஜா அப்பத்தா? அது எதிர்த்தாப்ல இருக்கு"ன்னேன்.

"அது இல்லடா கூறுகெட்டவனே. உயிர் காலேஜ். புலி, சிங்கமெல்லாம் இருக்குமே. செத்த காலேஜ் எழும்பூர்ல. உயிர் காலேஜ் இங்கன."

பத்து வருஷமா இதே ஊர்ல குப்பை கொட்டுறேன். எனக்கு ஒண்ணும் விளங்கலை. பக்கத்துல நின்ன வயசான ஆட்டோ டிரைவர்தான் சிரிச்சுக்கிட்டே, "பாட்டி கரெக்டாதான் சொல்லுது தம்பி. அது வண்டலூருக்குப் போயி எவ்ளோ வருஷமாச்சு"ன்னார்.

*

அன்னிக்கு ராத்திரி உக்காந்து தேடிப் படிக்க ஆரம்பிச்சது, ரெண்டு வாரத்துக்கு ஓடுச்சு. படிச்சதைச் சுருக்கமா சொல்றேன்.

செத்த காலேஜ்னா எழும்பூர் மியூசியம். பாடம் பண்ணி வச்ச மிருகங்களும் எலும்புக்கூடுகளும் இருக்கிற இடம். உயிர் காலேஜ்னா மிருகக்காட்சி சாலை. மெட்ராஸ் பார்க்க வந்த வெளியூர் ஜனங்கள் இந்த ரெண்டையும் இப்படித்தான் சொல்லுவாங்களாம். சென்னைக்காரங்களுக்கும் இது பழகின பேர்தான்.

இதுல நான் யோசிச்ச முதல் விஷயம், ஏன் காலேஜ்?

1851-ல மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டி தன்கிட்ட இருந்த சுமார் 1,100 கல், கனிம மாதிரிகளைக் கொடுக்க, அதை வச்சு அரசாங்கம் ஒரு மியூசியம் தொடங்குச்சு. இடம்: கல்லூரி சாலையில இருந்த செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியோட மாடி. ஆமா, நம்ம எல்லீஸ் துரை 1812-ல தொடங்கி வச்ச அதே கல்லூரி. கம்பெனி அதிகாரிகளுக்குத் தமிழும் தெலுங்கும் சொல்லிக் கொடுத்த இடம். 1854-ல மியூசியம் எழும்பூர் பாந்தியன் கட்டிடத்துக்கு மாறிடுச்சு. அதுக்கு முன்னாடி வெள்ளைக்காரங்க விருந்தும் நடனமுமா இருந்த இடம் அது. கல்லூரி மாடியில பிறந்ததால "காலேஜ்"ங்கிற பேர் ஒட்டிக்கிட்டுக் கூடவே வந்திருக்கலாம். இது என் ஊகம்தான்.

ஆனா அது மட்டும் காரணமா இருக்க முடியாதுன்னும் தோணுது. கல்கத்தா மியூசியத்துக்கு அங்க உள்ள ஜனங்க வச்ச பேர் "ஜாதுகர்", மாய வீடு. வடக்கே லாகூர்ல "அஜாயப் கர்", அதிசய வீடு. நம்ம ஆளுக மட்டும் காலேஜ்னு சொல்லியிருக்காங்க. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத ஜனங்க, மஞ்சப்பையில கட்டுச்சோறு கட்டிக்கிட்டு வந்து பார்த்துட்டு, "இது படிக்கிற இடம்"னு முடிவு பண்ணியிருக்காங்க. மிருகக்காட்சி சாலைக்கும் அதே பேரை நீட்டிட்டாங்க. எனக்கு இது சாதாரண விஷயமாத் தெரியலை.

*

இந்த ரெண்டு காலேஜும் ஒரே தாய் வயித்துப் பிள்ளைகள்ங்கிறதுதான் அடுத்த ஆச்சரியம்.

மியூசியத்தோட முதல் பொறுப்பாளர் எட்வர்ட் கிரீன் பால்ஃபர். ஸ்காட்லாந்துக்காரர், மெட்ராஸ் ராணுவத்துல டாக்டர். மனுஷன் சும்மா இருக்கிற ரகம் இல்லை. 1850-ல திருவல்லிக்கேணியில முகமதியர் பொது நூலகம் உருவாகக் காரணமா இருந்தார். 1857-ல இந்தியாவுக்கே ஒரு கலைக்களஞ்சியம் போட்டார். பெண்கள் டாக்டருக்குப் படிக்கணும்னு வாதாடினார். 1875-ல மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல பெண்களைச் சேர்த்ததுக்குப் பின்னாடி இவரும் உண்டு.

மியூசியம் வளாகத்துல உயிரோட ஒரு புலியும் சிறுத்தையும் வச்சிருந்தாங்க. கல்லையும் கிளிஞ்சலையும் பார்க்க வராத கூட்டம், அதைப் பார்க்க அலை மோதுறதை பால்ஃபர் கவனிச்சார். இன்னொருத்தரா இருந்தா "படிப்பில்லாத கூட்டம், வேடிக்கை பார்க்க வருது"ன்னு சலிச்சிருப்பார். இவர் எதிர்ப்பக்கமா யோசிச்சார். ஜனங்களுக்கு உயிரோட இருக்கிறதுதான் பிடிக்குதுன்னா, அதையே கொடுத்துட்டுப் போவோம்!

அந்த நேரம் சேப்பாக்கம் அரண்மனையில இருந்தவர் கர்நாடக நவாப் குலாம் கவுஸ் கான். அவர்கிட்ட சொந்தமா மிருகங்கள் இருந்துச்சு. பால்ஃபர் பேசிப் பேசியே அத்தனையையும் வாங்கிட்டார். 1855-ல மியூசியம் வளாகத்துலயே மெட்ராஸ் மிருகக்காட்சி சாலை தொடங்குச்சு. ஒரே வருஷத்துல அங்க 300-க்கு மேல உயிர்கள். கல்கத்தா அலிப்பூர் மிருகக்காட்சி சாலை திறந்தது 1876-ல தான். நாம இருபது வருஷம் முந்தி.

அதே 1855 அக்டோபர்ல நவாப் இறந்து போனார். ஆண் வாரிசு இல்லைன்னு கம்பெனி பட்டத்தையே ஒழிச்சிடுச்சு. பின்னாடி அரண்மனையும் அரசாங்கத்து கைக்குப் போயிடுச்சு. நவாபுக்குன்னு இருந்ததுல அவர் மிருகங்கள் மட்டும் பொதுச்சொத்தா ஜனங்க கைக்கு வந்து சேர்ந்தது.

பால்ஃபர் பத்திப் படிக்கும்போது என்னை நிமிந்து உக்கார வச்சது வேற ஒண்ணு. மியூசியத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே, 1849-ல, அவர் ஒரு கட்டுரை எழுதியிருக்கார். மரங்களுக்கும் ஒரு நாட்டோட தட்பவெப்பத்துக்கும் என்ன சம்பந்தம்ங்கிறதைப் பத்தி. மரத்தை வெட்டினா ஈரம் போகும், மழை குறையும், பஞ்சம் வரும்ங்கிறது அதோட சாரம். டாக்டர்ங்கிறதால அவருக்குப் பஞ்சமும் நோயும் ஒண்ணாத் தெரிஞ்சிருக்கு. 1856-ல மெட்ராஸ் மாகாணத்துக்குன்னு ஒரு வனப் பாதுகாவலர், ஹியூ கிளெகார்ன், நியமிக்கப்பட்டார். அவரும் டாக்டர்தான். கூடவே ஒரு உண்மையையும் சொல்லணும். காட்டைக் காப்பாத்தணும்னு பேசின அரசாங்கம்தான் ரயில் தண்டவாளத்துக்கு அடியில போட மலை மலையா மரம் வெட்டினதும். காட்டுல காலகாலமா இருந்தவங்களுக்கு அதே காட்டுக்குள்ள நுழைய அனுமதிச் சீட்டு கேட்டதும் அந்த வழியிலதான் வந்துச்சு. எங்க பக்கம் விறகு பொறுக்கப் போய் மாட்டிக்கிட்ட கதை வீட்டுக்கு ஒண்ணு இருக்கும்.

*

எழும்பூர்ல இடம் பத்தலை. 1860-களோட தொடக்கத்துல மிருகக்காட்சி சாலை மெட்ராஸ் முனிசிபாலிட்டி கைக்கு மாறி, பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போச்சு. இந்தப் பார்க்தான் கதையோட முக்கியமான இடம்.

1859-ல கவர்னரா வந்தவர் சர் சார்லஸ் டிரெவெல்யன். அயர்லாந்துப் பஞ்சத்தப்போ லண்டன் கருவூலத்துல உக்காந்து நிவாரணத்தை இழுத்துப் பிடிச்சவர்னு அங்க இன்னிக்கும் திட்டு வாங்குற ஆள். மெட்ராஸ்ல ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலதான் இருந்தார். இந்திய அரசாங்கம் கொண்டு வந்த வருமான வரியைப் பகிரங்கமா எதிர்த்ததால 1860-ல திருப்பிக் கூப்பிட்டுட்டாங்க. அந்தக் கொஞ்ச காலத்துல அவர் ஆரம்பிச்சு வச்சதுதான் பார்க். 116 ஏக்கர். குளங்கள், நடைபாதை, பேண்டு வாசிக்க மேடை. பேர்லயே "ஜனங்களோட பூங்கா". அதுக்குள்ளதான் உயிர் காலேஜ்.

ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் கடைசியில அங்க பார்க் ஃபேர் நடக்கும். 1886 டிசம்பர் 31, அந்தச் சந்தையில தீ. பந்தல் எல்லாம் ஓலையும் மூங்கிலும். நூத்துக்கணக்குல ஜனங்க செத்தாங்க. இன்னிக்கு அந்தப் பக்கம் நடந்து போற எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கும் போன மாசம் வரைக்கும் தெரியாது.

சந்தை அடுத்தடுத்த வருஷங்கள்லயும் நடந்துச்சு. பார்க்தான் கொஞ்சம் கொஞ்சமாக் கரைஞ்சுது. விக்டோரியா பப்ளிக் ஹால் வந்துச்சு. 1900-ல மூர் மார்க்கெட். 1913-ல ரிப்பன் பில்டிங். அப்புறம் விளையாட்டு மைதானம். ஒவ்வொண்ணும் நல்ல காரியம்தான், எதையும் வேண்டாம்னு சொல்ல முடியாது. அதுலதான் சூட்சுமமே இருக்கு. பார்க் இருந்த இடத்தை யாரும் ஒரே நாள்ல அழிக்கலை. ஒவ்வொரு நல்ல காரியத்துக்கும் ஒரு துண்டு கேட்டு வாங்கிக்கிட்டாங்க.

1985-ல ரெண்டு சம்பவம். மே 30 மூர் மார்க்கெட் எரிஞ்சு போச்சு. பழைய புத்தகத்துல இருந்து லவ் பேர்ட்ஸ் வரைக்கும் வித்த இடம். அங்க இப்போ நிக்கிறது புறநகர் ரயில் நிலையம். கடைக்காரங்களுக்குப் பக்கத்துலயே ஒரு காம்ப்ளக்ஸ் கட்டிக் கொடுத்தாங்க. அதோட பேர் அல்லிக்குளம் வணிக வளாகம். குளம் போயிடுச்சு, பேர் மட்டும் போர்டுல இருக்கு. மூர் மார்க்கெட் எரிஞ்ச ரெண்டு மாசத்துக்குள்ள, ஜூலையில, வண்டலூர்ல புது மிருகக்காட்சி சாலையை எம்.ஜி.ஆர் திறந்து வச்சார். சென்ட்ரல்ல இருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல.

வண்டலூர் மிருகங்களுக்கு நல்லது. சந்தேகமே இல்லை. ரயில் சத்தத்துக்கும் புகைக்கும் நடுவுல கூண்டுல கிடந்ததுக்கு, ஆயிரத்து இருநூறு ஏக்கருக்கு மேல காட்டுல இருக்கிறது எவ்வளவோ மேல். நான் மாத்தினதைக் குறை சொல்லலை. வரைபடத்துல தெரியுற ஒரு விஷயத்தைச் சொல்றேன். செத்த காலேஜ் 1854-ல எங்க இருந்துச்சோ அங்கயேதான் இன்னிக்கும் இருக்கு. உயிர் காலேஜ் எழும்பூர்ல இருந்து பார்க் டவுன், பார்க் டவுன்ல இருந்து வண்டலூர். ஊர் செத்ததைப் பத்திரமா நடுவீட்டுல வச்சுக்கிட்டு, உயிரோட இருக்கிறதைத் தள்ளித் தள்ளி எல்லைக்கு அனுப்பிடுச்சு. கிண்டி தேசியப் பூங்கா (1978) விதிவிலக்குன்னு யாராவது பின்னூட்டத்துல வருவீங்க. ஒத்துக்கிறேன். அது கவர்னர் காலத்து வேட்டைக்காடா இருந்ததால தப்பிச்சது. ஜனங்களுக்குன்னு பேர் வச்ச பார்க்தான் தப்பிக்கலை.

*

அப்பத்தாகிட்ட இதையெல்லாம் சொன்னேன். பாதி கேட்டுச்சு, பாதியில தூங்கிடுச்சு. ஆனா அது வந்த கதையைச் சொல்லுச்சு.

1970-கள்ல சொந்தத்துல ஒரு கல்யாணம். மதுரையில ரயில் ஏறி எழும்பூர்ல இறங்கி, முதல்ல செத்த காலேஜ், மறுநாள் உயிர் காலேஜ். அங்க ஒரு கூண்டு முன்னாடி கூட்டமா நின்னு "மாடா, மானா"ன்னு பேசிக்கிட்டு இருந்தாங்களாம். அப்பத்தா அப்போ ஏலக்காய் எடுக்க மலைக்குப் போய்க்கிட்டிருந்த ஆளு. பார்த்ததும் தெரிஞ்சு போச்சு.

"மிளாடா அது. நான்தான் சொன்னேன், இது மிளா, புலி வாடை பட்டுச்சுன்னா காலைத் தரையில தட்டி 'டாங்கு'ன்னு கத்தும், அந்தச் சத்தம் கேட்டா நாங்க அந்தப் பக்கம் போக மாட்டோம்னு. எல்லாரும் என்னையே பாக்குறாங்க. ஒரு பொம்பளப்புள்ள, படிச்சது, கண்ணாடி போட்டிருந்துச்சு, 'இன்னும் சொல்லுங்கம்மா'ங்குது. உங்க தாத்தாவுக்கு ஒரே வெக்கம்."

பள்ளிக்கூடம் போகாத மனுஷி, மெட்ராஸ் நடுவுல அரை மணி நேரம் பாடம் நடத்தியிருக்கு. அதுக்கப்புறம் ஊர்ல யாராவது படிப்பைப் பத்திப் பேசினா, "நானும் காலேஜ் போனவதான். ரெண்டு காலேஜ்"னு சொல்லுமாம். சின்ன வயசுல நானும் கேட்டிருக்கேன். கிண்டல்னு நினைச்சு சிரிச்சிருக்கேன்.

ஊருக்குத் திரும்புறதுக்கு முன்னாடி மியூசியம் கூட்டிட்டுப் போனேன். திமிங்கல எலும்புக்கூடு முன்னாடி ரொம்ப நேரம் நின்னுச்சு. 1874-ல மங்களூர்க் கரையில ஒதுங்கினது. "அப்போ பார்த்தப்ப இதவிடப் பெருசா இருந்துச்சே"ன்னுச்சு. பாலூட்டிகள் பகுதியில, கண்ணாடிக்குப் பின்னாடி நிக்கிற ஒவ்வொண்ணுக்கும் எங்க பக்கத்துப் பேரைச் சொல்லிக்கிட்டே வந்துச்சு. காட்டுமாடு, கருமந்தி, மலையணில், மரநாய். எது எந்த மரத்துல இருக்கும், எது ராத்திரியில சத்தம் போடும், எது ஏலக்காயைத் தின்னுட்டுப் போகும். நான் போர்டுல இருந்த பேரைப் படிச்சுக்கிட்டு இருந்தேன். நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்ச எனக்கு, போர்டை மறைச்சுட்டா அதுல பாதி தெரியாது. இத்தனைக்கும் நான் பிறந்ததும் அதே மலை அடிவாரம்.

எனக்கு உறைச்சது அங்கதான். சென்னை 130 வருஷத்துல செஞ்சதை, எங்க வீடு ரெண்டு தலைமுறையில செஞ்சு முடிச்சிடுச்சு. அப்பத்தா மலைக்குள்ள இருந்துச்சு. அப்பா மலையைப் பார்த்துக்கிட்டு டவுன்ல இருந்தார். நான் மலையை வால்பேப்பரா வச்சிருக்கேன்.

நகரத்துக்காரங்களுக்கு அந்த ஏக்கம் இல்லாம இல்லை. அது இருக்கிறதாலதான் லீவு விட்டா மலைக்கு ஓடி வர்றாங்க. 2018 மார்ச் 11, போடிக்கு மேல குரங்கணிக் காட்டுத் தீயில மாட்டி இருபதுக்கும் மேற்பட்டவங்க உயிர் விட்டாங்க. சென்னையில இருந்தும் மேற்கு மாவட்டங்கள்ல இருந்தும் மலை ஏற வந்தவங்க. மார்ச் மாசம் புல்லு காஞ்சு கிடக்கும், காத்து எப்போ திரும்பும்னு சொல்ல முடியாது. இது அடிவாரத்துல அப்பத்தா வயசு ஆளுக எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சவங்களும் வந்தவங்களும் சந்திச்சுக்கிற இடம்னு ஒண்ணு நம்மகிட்ட இல்லை. 2024-ல வனத்துறை நாற்பது பாதைகளுக்கு வழிகாட்டியோட மலையேற்றத் திட்டம் தொடங்கியிருக்காங்க. நல்ல தொடக்கம். ஆனா மலை ஏற முடியாதவங்க, காசு இல்லாதவங்க எங்க போவாங்க? அவங்களுக்காகத்தான் பால்ஃபர் ஊர் நடுவுல புலியைக் காட்டினார்.

லண்டன் இயற்கை வரலாற்று மியூசியம் 2024 ஜூலையில தன் வாசல்ல இருக்கிற ஐந்து ஏக்கர் தோட்டத்தை நகர இயற்கைக்குன்னே மாத்தித் திறந்துச்சு. குளம், பூச்சி, செடி, பறவை. ஊருக்குள்ள உயிரோட இருக்கிறதையே காட்சிப் பொருளாக்கிட்டாங்க. எழும்பூர் மியூசியம் வளாகம் பதினாறு ஏக்கருக்கு மேல. பெரிய பெரிய மரங்கள் இருக்கு. அணில், கிளி, வௌவாலுக்குப் பஞ்சமே இல்லை. அங்க ஒரு மரத்தடியில, மிளாவைப் பத்தித் தெரிஞ்ச நாலு பேரை உக்கார வச்சு ஜனங்களோட பேச விட்டா, அதுக்குப் பேரே உயிர் காலேஜ்தானே? கூண்டு வேண்டாம். புலி வேண்டாம். சிலமலையில இருந்தும், கொல்லிமலையில இருந்தும், பழவேற்காட்டுல இருந்தும் ஆள் வரட்டும்.

அப்பத்தா வெளிய வந்து மரத்தடி பெஞ்சுல உக்காந்துச்சு. மேல ஏதோ ஒரு பறவை விடாமக் கத்திக்கிட்டு இருந்துச்சு. எனக்கு என்னன்னு தெரியலை. கேட்டேன்.

"குக்குறுவான்டா. 'குக்கு குக்கு'ன்னு பாத்திரம் தட்டுற மாதிரி இல்ல? நம்ம அரசமரத்துல கத்துமே, கேட்டதில்லையா நீ?"

கேட்டிருப்பேன். கவனிச்சதில்லை.

ராத்திரி சென்ட்ரல்ல ஏத்தி விட்டேன். இப்போ வாரம் ஒரு தடவை போன் பண்ணி, ஒரு மிருகம் இல்லைன்னா ஒரு பறவை பத்திக் கேட்டு எழுதி வச்சுக்கிறேன். இதுவரைக்கும் பதினேழு ஆச்சு. நானும் காலேஜ்ல சேர்ந்துட்டேன் :-)

உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது இந்த ரெண்டு காலேஜுக்கும் போயிருந்தா, என்ன பார்த்தாங்க, என்ன சொன்னாங்கன்னு கேட்டுப் பின்னூட்டத்துல எழுதுங்க. தனிப் பதிவாப் போட்டா இன்னும் சந்தோஷம். அவங்க இருக்கும்போதே கேட்டுடுங்க.

டிஸ்கி: மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு. அது தெரியாம எண்பது வயசு ஆளை முதல்ல ஒரு வெள்ளிக்கிழமை கூட்டிட்டுப் போய் வாசல்ல நிக்க வச்சவன் நான். "காலேஜ்ல படிச்சா மட்டும் போதாதுடா"ன்னு கிடைச்ச அர்ச்சனையை இங்க எழுத முடியாது.